பத்துக்குப் பத்து அறைக்கு எந்த மானிட்டர் ஸ்பீக்கர்?

மன்னார்குடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மாடியில் 10 அடிக்கு 10 அடி அறை, கான்கிரீட் தளம், உயரமும் ஏறக்குறைய 10 அடி. ஒரு லேப்டாப், ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், கையில் 40,000 ரூபாய். அம்மன் பாட்டு, கும்பாபிஷேகப் பாட்டு என்று நாதஸ்வரம், தவிலோடு பதிவு செய்கிறார். அடியில் கீபோர்டு பேஸும் கிக் டிரம்மும் போடுகிறார். இதுவரை கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில்தான் மிக்ஸ். அறையில் பேஸ் பத்தவில்லை என்று ஏற்றி வைத்தால், திருவிழா மைக் செட்டில் அது வீங்கிப்போய் நாயனத்தை முழுங்கிவிடுகிறதாம். அதே பாட்டு குழாய் ஸ்பீக்கரில் வெறும் இரைச்சலாக வருகிறதாம். இனி மானிட்டர், அதாவது பதிவை மிகைப்படுத்தாமல் உள்ளபடி காட்டும் ஸ்பீக்கர், வாங்க வேண்டும். யமஹாவின் 5 அங்குல எச்.எஸ்.5 வாங்கலாமா, 8 அங்குல எச்.எஸ்.8-க்குப் போகலாமா, இல்லை 5 அங்குலத்தோடு பேஸுக்கென்றே ஒரு சப்வூஃபர் பெட்டி சேர்க்கலாமா என்பது அவர் கேள்வி.

பதில் சுருக்கமானது. 5 அங்குலம் வாங்குங்கள். சப்வூஃபர் வேண்டாம். 40,000-ஐ முழுவதும் ஸ்பீக்கரிலேயே கொட்டவும் வேண்டாம். ஏன் என்று சொல்லத்தான் இடம் பிடிக்கும். நானும் கும்பகோணத்தில் ஒரு சின்ன அறையில் இதே வேலையைச் செய்கிறவன்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அறை. ஒலி காற்றில் நொடிக்கு 343 மீட்டர் போகும் என்பது 20 டிகிரிக் கணக்கு. நம் ஊர் வெயிலில், 32 டிகிரியில், 350 என்று வைத்துக்கொள்ளலாம். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவில் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண் மாட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிடும். காலிக் குடத்தின் வாயில் ஊதினால் ஒரே சுருதியில் முனகுமே, அறைக்கும் அப்படி ஒரு சுருதி உண்டு. கண்டுபிடிப்பது எளிது: ஒலியின் வேகத்தைச் சுவர்களுக்கு இடையிலான தூரத்தின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். 10 அடி என்பது 3.05 மீட்டர். 350-ஐ 6.1-ஆல் வகுத்தால் 57 ஹெர்ட்ஸ். உங்கள் அறையில் நீளத்துக்கும் 57, அகலத்துக்கும் 57, உயரத்துக்கும் 57. மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. அடுத்த படியாக 115-லும் இதே கதை. அளவுகள் வேறுவேறாக இருந்தால் இந்த முனகல் பல இடங்களில் பிரிந்து போகும். மூன்றும் ஒன்றாக இருக்கிற கனசதுர அறைதான் மிக்ஸிங்குக்கு இருப்பதிலேயே மோசமான வடிவம். நம் பக்கத்து மாடி அறைகள் பாதி இப்படித்தான் கட்டியிருக்கிறார்கள், என்ன செய்ய.

இந்த 57 ஹெர்ட்ஸ் அறை முழுக்க ஒரே மாதிரி கேட்காது. சுவர் ஓரத்தில் வீங்கும், அறையின் நட்டநடுவில் கிட்டத்தட்ட காணாமலே போகும். கொஞ்சம் பேஸ் அடிக்கிற ஸ்பீக்கர் ஏதாவது கிடைத்தால் நீங்களே சோதித்துப் பாருங்கள். டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றை இறக்கி 57 ஹெர்ட்ஸ் ஒலியை மிதமாக வைத்துவிட்டு, நடுவிலிருந்து சுவரை நோக்கி மெல்ல நடக்க வேண்டும். நடுவில் ஸ்பீக்கர் அணைந்துவிட்டதோ என்று தோன்றும். சுவரை நெருங்க நெருங்க ஒலி உப்பிக்கொண்டே வரும். மூலையில் போய்க் குனிந்தால் வயிற்றில் உணரலாம். அறையில் ஸ்டீல் பீரோ இருந்தால் அதன் கதவு எந்த அதிர்வெண்ணில் கடகடக்கிறது என்பதும் தெரிந்துவிடும். பீரோவை வேறு அறைக்கு மாற்ற முடிந்தால் மாற்றிவிடுங்கள். முடியாவிட்டால் கதவிடுக்கில் ஒரு துணியாவது செருகுங்கள்.

உங்கள் நாற்காலி அறையின் நடுவில்தான் கிடக்கிறது என்று நினைக்கிறேன். அப்படியானால் நீங்கள் சொன்ன குறைக்குக் காரணம் புரிந்துவிடும். கிக்கும் கீபோர்டு பேஸும் புழங்குவது 50, 60 ஹெர்ட்ஸில்தான். நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அது கேட்கவில்லை, அதனால் ஏற்றுகிறீர்கள். கம்ப்யூட்டர் ஸ்பீக்கரும் அந்த இடத்தில் பெரிதாக எதுவும் தருவதில்லை, அதனால் இன்னும் ஏற்றுகிறீர்கள். மைக் செட்காரர் 18 அங்குல பேஸ் பெட்டிகளைத் திறந்தவெளியில் அடுக்கி அதே பாட்டைப் போடும்போது, ஏற்றி வைத்தது மொத்தமும் வெளியே வருகிறது. பாட்டில் குற்றமில்லை, செட்டிலும் இல்லை.

8 அங்குலம் ஏன் வேண்டாம் என்பதும் இதிலிருந்தே வரும். யமஹா தரும் கணக்கில், பேஸ் பக்கம் இறங்கும்போது ஒலி 3 டெசிபெல் குறையும் புள்ளி எச்.எஸ்.5-க்கு 74 ஹெர்ட்ஸ், எச்.எஸ்.7-க்கு 55, எச்.எஸ்.8-க்கு 47. விளம்பரத்தில் பெரிதாகப் போடும் 54, 43, 38 என்ற எண்கள் 10 டெசிபெல் குறைந்த பிறகு எடுத்தவை. ஒப்பிடும்போது இரண்டையும் கலந்துவிடாதீர்கள், ஒவ்வொரு கம்பெனியும் தனக்குத் தோதான எண்ணைத்தான் முன்னால் வைக்கும். எச்.எஸ்.8 உங்கள் அறையின் 57-ஐ முழுப் பலத்தோடு தட்டும். அறை முனகும். பேஸ் நிறைய வருவதாகத் தோன்றும், ஆனால் அதில் எவ்வளவு பாட்டுடையது, எவ்வளவு அறையுடையது என்று பிரிக்க முடியாது. சப்வூஃபர் இதே தொல்லையை இன்னும் கூட்டும். எச்.எஸ்.5 அந்த இடத்துக்கு வருவதற்குள்ளாகவே இறங்கத் தொடங்கிவிடுகிறது. இந்த அறைக்கு அது குறையே இல்லை.

சரி, 74-க்குக் கீழே உங்கள் பாட்டில் என்னதான் இருக்கிறது என்று பார்த்தால் பயப்பட வேண்டியதில்லை என்று தெரியும். நாதஸ்வரத்துக்கு அங்கே வேலையே கிடையாது. குரலுக்கும் கிடையாது: ஆண்குரலில் 1 கட்டை என்றால் ஆதார சட்ஜமே 131 ஹெர்ட்ஸ் அருகில். தம்புராவின் மந்தர சட்ஜம் 65-க்கு இறங்கும், ஆனால் தம்புராவின் உயிர் அதோடு கூடவே எழும் உச்ச ஒலிகளில்தான் இருக்கிறது, அவை நன்றாகவே கேட்கும். மிச்சம் இருப்பது கீபோர்டு பேஸும் கிக்கும். அவற்றின் அடிப்பகுதியை மட்டும் ஹெட்போனில் சரிபார்க்கலாம். அறை குறுக்கே வராத ஒரே ஸ்பீக்கர் ஹெட்போன்தான். சோனி எம்.டி.ஆர்-7506 என்ற மாடல் 1991-லிருந்து ஸ்டுடியோக்களில் இருக்கிறது, இன்றைக்கும் அதைக் குறைசொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. முழு மிக்ஸையும் ஹெட்போனிலேயே செய்வதைத்தான் நான் ஆதரிக்க மாட்டேன். இடது வலது பிரிவு அதில் மிகையாகத் தெரியும், எதிரொலி எவ்வளவு போட்டோம் என்பதும் பிடிபடாது.

எந்த மாடல் என்பதற்கு வருவோம். எச்.எஸ்.5-ஐப் பற்றி "காதைக் குத்துகிறது" என்று சிலர் சொல்வார்கள். அதில் நடுப்பகுதி ஒளிவு மறைவில்லாமல் வரும். மோசமாகப் பதிவான நாயனம் மோசமாகவே கேட்கும். எனக்கு அது பிடிக்கும். அதன் வெள்ளைக் கூம்புக்கு ஒரு பூர்வீகம் உண்டு: 1978-ல் யமஹா வீட்டு ஹைஃபைக்காக விட்ட என்.எஸ்-10 என்ற ஸ்பீக்கர், வீடுகளில் எடுபடாமல் உலகமெங்கும் ஸ்டுடியோ மேசைகளில் ஏறி உட்கார்ந்தது. 2001-ல் தயாரிப்பை நிறுத்தினார்கள். எச்.எஸ் வரிசை அந்தத் தோற்றத்தைச் சுமக்கிறது, ஒலி அதே அல்ல.

ஜே.பி.எல் 305பி மார்க் 2 கொஞ்சம் கீழே இறங்கும், 3 டெசிபெல் கணக்கில் 49 ஹெர்ட்ஸ், ஆக உங்கள் அறையின் 57-ஐ இதுவும் தட்டும் என்பதை மனதில் வையுங்கள். மேல் ஒலி தரும் ட்வீட்டரைச் சுற்றியுள்ள குழிவான அமைப்பால் தலையைக் கொஞ்சம் அசைத்தாலும் ஒலி பெரிதாக மாறாது, பக்கத்தில் பாடகர் உட்கார்ந்து கேட்கும்போது இது வசதி. பாட்டு ஓடாதபோது ட்வீட்டரிலிருந்து மெல்லிய 'ஸ்ஸ்' வரும், இரவில் கேட்கும். சிலருக்கு இது தொந்தரவு, எனக்கு இல்லை. ஆடம் டி5வி-யில் துணி டோம் ட்வீட்டருக்குப் பதிலாக மடிப்பு ரிப்பன் வகை. மேல்பகுதி மென்மையாக, நுணுக்கமாக வரும். ஜால்ராவும் தாளமும் எவ்வளவு நேரம் கார்வை பிடிக்கின்றன என்று அதில் தெளிவாகத் தெரியும். கே.ஆர்.கே ராக்கிட் 5-ம் காலி ஆடியோவின் எல்பி-6-ம் பேஸ் துளையை முன்பக்கம் வைத்திருப்பவை. சுவரை ஒட்டி வைக்க வேண்டியவர்களுக்கு அது கொஞ்சம் தோது. ராக்கிட்டில் பேஸ் தூக்கலாக இருக்கும் என்ற பழைய பேர் உண்டு, நாலாம் தலைமுறையில் அதைச் சரிசெய்ய உள்ளேயே ஈக்யூ, அதாவது அதிர்வெண் வாரியாக ஏற்றி இறக்கும் வசதி, கொடுத்தார்கள். எல்பி-6 ஆறரை அங்குலம் என்பதால் உங்கள் அறைக்கு நான் அதை எடுக்க மாட்டேன்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் எச்.எஸ்.5 அல்லது 305பி. இரண்டுக்கும் நடுவில் காதுதான் முடிவு சொல்ல வேண்டும்.

கேட்டுப் பார்க்கும்போது எதைக் கேட்பது என்பதில்தான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். கடையில் ஒரு சினிமாப் பாட்டைப் போட்டு "பேஸ் நல்லா அடிக்குது" என்று வாங்கி வந்துவிடுவார்கள். உங்களுக்கு முக்கியம் நாயனம். இந்தப் பெட்டிகளில் இரண்டு ஸ்பீக்கர்கள் இருக்கின்றன அல்லவா, கீழ் ஒலியை ஊஃபரும் மேல் ஒலியை ட்வீட்டரும் பிரித்துக்கொள்ளும் இடம் எச்.எஸ்.5-ல் 2 கிலோஹெர்ட்ஸ், 305பி-யில் 1.7, டி5வி-யில் 3. நாதஸ்வரத்தின் கூர்மை முழுக்க 1-லிருந்து 4 கிலோஹெர்ட்ஸுக்குள்தான் இருக்கிறது. நம் காதின் உணர்ச்சியும் 2-லிருந்து 5 வரைதான் மிக அதிகம். ஆக, வேறு எந்த வாத்தியத்தைவிடவும் நாயனம் அந்த ஒட்டுப்போட்ட இடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும்.

அதனால் தனி நாதஸ்வரம் பதிவு ஒன்றைக் கொண்டுபோங்கள். டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்காக நரசிங்கம்பேட்டையில் ரங்கநாத ஆசாரி நீளமான பாரி நாயனத்தைச் செய்து கொடுத்த பிறகு சுருதி இறங்கிவிட்டது. அதற்கு முன் எல்லோரும் வாசித்தது குட்டையான, உச்சமான திமிரி. உங்கள் வித்வான் எதை வாசிக்கிறாரோ அந்தப் பதிவே போதும். ஆலாபனை கீழ் சட்ஜத்திலிருந்து மேலே ஏறும்போது கவனியுங்கள். ஒரு இடத்தில் குரல் மாறின மாதிரி, வாத்தியம் திடீரென்று ஓரடி முன்னால் வந்த மாதிரி கேட்டால் அந்த ஸ்பீக்கர் உங்களுக்கு ஆகாது. அப்புறம் தலையை ஓரடி மேலே தூக்கி, கீழே இறக்கிக் கேளுங்கள். எவ்வளவு மாறுகிறது என்று தெரியும். ட்வீட்டர் காது மட்டத்தில் இருக்க வேண்டும் என்றும், இந்த ஸ்பீக்கர்களைப் படுக்கப் போடக் கூடாது என்றும் சொல்வது இதனால்தான். படுக்கப் போட்டால் அந்த மாற்றம் பக்கவாட்டுக்கு வந்துவிடும், நாற்காலியில் கொஞ்சம் நகர்ந்தாலே நாயனத்தின் நிறம் மாறும்.

தவிலுக்கு இரண்டு இடம் கேட்க வேண்டும். வலந்தலையில் விரல் கூடு விழும் 'டக்' துல்லியமாக முன்னால் நிற்கிறதா? தொப்பியில் கம்பு விழும் அடி, அதன் பின்னால் வரும் கார்வையிலிருந்து தனியாகத் தெரிகிறதா? மலிவான ஸ்பீக்கரில் இரண்டும் சேர்ந்து 'தும்' என்று ஒன்றாகிவிடும். பாட்டை வேவ் ஃபைலாக எடுத்துப் போங்கள், வாட்ஸ்அப்பில் வந்ததைப் போட்டுக் கேட்காதீர்கள். இரண்டு மாடலை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக்கிக்கொள்ளுங்கள். கொஞ்சம் சத்தமாக இருப்பதே எப்போதும் நன்றாக இருப்பதாகத் தோன்றும், இது கடைக்காரர்களுக்கும் தெரியும். திருச்சி, சென்னை போகும்போது ஒரு நாள் ஒதுக்கிக் கேட்டுவிடுவது உத்தமம். முடியாவிட்டால் பதிவு வேலை செய்கிற நண்பர் வீட்டில் கேளுங்கள், ஆனால் அங்கே கேட்கும் பேஸை நம்பாதீர்கள், அது அவர் அறையின் பேஸ்.

விலை பார்க்கும்போது ஒன்று. ஆன்லைனில் பல மானிட்டர்கள் ஒற்றையாகத்தான் விற்கப்படுகின்றன. படத்தில் இரண்டு இருக்கும், விலை ஒன்றுக்கு இருக்கும். ஜோடியா ஒற்றையா என்று எழுத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இனி எங்கே வைப்பது. ஸ்பீக்கருக்குப் பின்னால் இருக்கும் சுவரிலிருந்து திரும்பி வரும் ஒலி, நேராக வரும் ஒலியோடு மோதி ஒரு அதிர்வெண்ணை அழித்துவிடும். ஸ்பீக்கரின் முகம் சுவரிலிருந்து 2 அடியில் இருந்தால் அழிவது 143 ஹெர்ட்ஸ், 3 அடியில் இருந்தால் 96. இரண்டும் ஆண்குரலும் தவிலும் சதை பிடிக்கும் இடம். "சுவரிலிருந்து எவ்வளவு தள்ளுகிறோமோ அவ்வளவு நல்லது" என்று எல்லோரும் சொல்வது பெரிய ஹாலுக்குப் பொருந்தும். உங்கள் அறையில் 3 அடிக்கு மேல் தள்ள இடமே இல்லை. ஆகவே எதிர்வழி: நன்றாகச் சுவர் பக்கம் கொண்டுபோய், பின்னால் துளைக்கு மூச்சுவிட நாலைந்து அங்குலம் மட்டும் விடுங்கள். எச்.எஸ்.5-ன் ஆழம் 9 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு, ஆக முகம் சுவரிலிருந்து ஓரடிக்குச் சற்று மேல் வரும். அழியும் இடம் 250 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். 250-ஐ 4 அங்குல ராக்வூல் பலகை விழுங்கும், 96-ஐ விழுங்காது. சுவரை ஒட்டியதால் கூடும் பேஸைக் குறைக்கத்தான் எச்.எஸ்.5-ன் பின்பக்கம் ரூம் கன்ட்ரோல் சுவிட்ச் இருக்கிறது, 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே 2 அல்லது 4 டெசிபெல் இறக்கும். 2-ல் வைத்துத் தொடங்குங்கள்.

நீங்கள் உட்கார வேண்டியது ஸ்பீக்கர் இருக்கும் முன்சுவரிலிருந்து அறை நீளத்தின் 38 சதவீதத்தில். 10 அடிக்கு அது 3.8 அடி. இது வேதமில்லை, அங்கிருந்து அரை அடி முன்னே பின்னே நகர்ந்து நல்ல இடத்தைப் பிடிக்கலாம். இரண்டு ட்வீட்டர்களுக்கும் இடையே 3 அடி, ஒவ்வொன்றிலிருந்தும் உங்கள் காதுக்கு 3 அடி, சமபக்க முக்கோணம். இடது வலது சுவர்களிலிருந்து தூரம் சமமாக இருக்கட்டும். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் திறந்த ஜன்னல் என்று அமைந்தால் பாட்டின் நடுப்புள்ளி ஒரு பக்கம் சாயும். ஸ்டாண்டுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். செங்கல் அடுக்கி மேலே ஒரு துண்டு கடப்பாக்கல், அதன்மேல் கெட்டியான ரப்பர் அல்லது ஃபோம். கல் நகராது, அதிராது. மேசைமேல் வைப்பதைவிட எவ்வளவோ மேல், ஏனென்றால் மேசைப் பலகை தானே ஒரு ஸ்பீக்கராகிவிடும்.

அறைக்குள் என்ன போடுவது என்பதில்தான் மிச்சப் பணம் போக வேண்டும். முட்டை அட்டை ஒட்டாதீர்கள், அது ஒன்றும் செய்யாது, தீப்பிடிக்க மட்டும் உதவும். கோரைப்பாயைச் சுவரில் தொங்கவிட்டால் மிக உச்சமான ஒலிகளைக் கொஞ்சம் தொடும், அவ்வளவுதான். அறை மந்தமாகி, பேஸ் அப்படியே முனகிக்கொண்டிருக்கும். வேண்டியது தடிமன். கனமீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி ராக்வூல் வாங்கி, ஆசாரியிடம் 4 அங்குல ஆழத்துக்குச் சட்டம் அடிக்கச் சொல்லி, மேலே காடாத்துணி போர்த்துங்கள். வாயால் ஊதினால் காற்று மறுபக்கம் போகிற துணியாக இருக்க வேண்டும், ரெக்சின் கூடாது. ராக்வூலைத் தொடும்போது முகத்தில் துணியும் கையுறையும் கட்டாயம், அந்த அரிப்பு இரண்டு குளியலுக்கும் போகாது. ஸ்பீக்கருக்குப் பின்னால் இரண்டு பலகை, பக்கச் சுவர்களில் ஒவ்வொன்று, தலைக்கு மேல் ஒன்று. பக்கச் சுவரில் எந்த இடம் என்று தெரிய, நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு வேறொருவரைச் சுவரோடு ஒரு கண்ணாடியை நகர்த்தச் சொல்லுங்கள். கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரிகிற இடம்தான் அது. மூலைகளில் எவ்வளவு தடிமன் முடியுமோ அவ்வளவு, தரையிலிருந்து தளம் வரை. பழைய இலவம்பஞ்சு மெத்தை இருந்தால் சுருட்டி மூலையில் நிறுத்துங்கள், நிச்சயம் வேலை செய்யும். அறுவடை முடிந்து இயந்திரம் சுருட்டிப் போடும் வைக்கோல் கட்டும் ஒலியை நன்றாகவே உறிஞ்சும். ஆனால் எலியும் தீயும் யோசித்தால் வீட்டுக்குள் வேண்டாம்.

வீட்டில் கீழே பழைய ஓட்டுக்கூடம் இருந்தால் இதெல்லாம் செய்வதற்கு முன் ஒரு தரம் அங்கே வைத்துப் பாருங்கள். நாட்டு ஓடும் திறந்த முற்றமும் பேஸை வெளியே விட்டுவிடும், கான்கிரீட் தளம்தான் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கூடத்தில் பேஸ் சுத்தமாக இருக்கும். காக்கையும், பக்கத்து வீட்டு மிக்ஸியும், விடிகாலைக் கோயில் குழாயும் கூடவே வரும் என்பதுதான் சங்கடம்.

ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளும் ஒரு அளவீட்டு மைக்கும் இருந்தால் அறை என்ன செய்கிறது என்பதைக் கோடாகவே பார்க்கலாம். மென்பொருள் ஈக்யூ போட்டு அறையைச் சரிசெய்கிறோம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வீக்கத்தைக் குறைக்கலாம், காணாமல்போனதை நிரப்ப முடியாது. அழிந்த இடத்தில் ஏற்ற ஏற்ற அதே அளவு எதிரொலியும் ஏறும், ஆம்ப்ளிஃபயர் மட்டும் திணறும்.

எவ்வளவு சத்தத்தில் வேலை செய்வது என்பதற்கும் கணக்கு உண்டு. சினிமா அரங்குக்குச் சொல்லும் 85 டெசிபெல் பெரிய இடத்துக்கானது. அமெரிக்க ஒளிபரப்புத் துறையின் ஏ/85 என்ற வழிகாட்டுதல் 1,500 கன அடிக்குக் குறைவான அறைக்கு 76 என்கிறது. உங்கள் அறை 1,000 கன அடி. பிங்க் நாய்ஸ் என்ற சோதனை இரைச்சலை மைனஸ் 20 டெசிபெல் அளவில் ஒரு ஸ்பீக்கரில் மட்டும் ஓட்டி, போனில் ஒலி அளக்கும் ஆப் வைத்து 76-க்குக் கொண்டுவந்து, அந்தக் குமிழ் நிலையில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். மறு ஸ்பீக்கருக்கும் அதேபடி. போன் ஆப் துல்லியம் கிடையாது, ஆனால் தினமும் ஒரே இடத்தில் வேலை செய்ய அது போதும். சத்தம் ஏற ஏறக் காதுக்கு பேஸ் கூடுதலாகவும், இறங்க இறங்கக் குறைவாகவும் தெரியும் என்பதால் நிலையான அளவு முக்கியம். நாயனத்தை உரக்க வைத்து ஒரு மணி நேரம் கேட்டால் அப்புறம் காது எதையும் நம்பும். முடிவெடுக்கும் நேரத்தில் சீலிங் ஃபேனை அணைத்துவிடுங்கள், சுற்றும் இறக்கை உச்ச ஒலிகளை வெட்டி வெட்டி அனுப்பும். அக்னி நட்சத்திரத்தில் கஷ்டம்தான், ஐந்து நிமிடம் பொறுத்துக்கொள்ளலாம்.

கரண்ட். பம்புசெட் ஓடும் நேரத்தில் நம் பக்கம் வோல்டேஜ் எப்படி இறங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு ஸ்டெபிலைசர் வையுங்கள். இன்வெர்ட்டர் சைன் வேவ் ஆக இருக்கட்டும், ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஸ்பீக்கர் 'ர்ர்' என்று உறுமும். சும்மாவே உறுமினால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் அது எர்த் சுற்று. அதற்காக ஸ்பீக்கர் பிளக்கின் எர்த் பின்னை உடைக்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம், உயிர் போகும். இன்டர்ஃபேஸிலிருந்து ஸ்பீக்கருக்கு பேலன்ஸ்டு டி.ஆர்.எஸ் கேபிள் போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். மூன்று ஓட்டை சாக்கெட் இருந்தாலும் உள்ளே எர்த் ஒயர் இணைக்கப்படாத வீடுகள் ஏராளம், எலக்ட்ரீஷியனை விட்டு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கோடையில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் நல்லது.

ஐப்பசி இடி இடிக்கும்போது சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்க வேண்டும், ஆடியோ கேபிளையும். இன்னொன்று: பின்பக்கத் துளையில் குளவி மண்கூடு கட்டும். கொஞ்ச நாள் திறந்த அறையில் சும்மா கிடந்தாலே போதும். பேஸ் திடீரென்று குறைந்தாலோ 'ஃபுஸ்' என்று காற்று இரைந்தாலோ முதலில் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். வேலை இல்லாதபோது காடாத்துணி உறை போட்டு மூடிவைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

கடைசியாகக் குழாய் ஸ்பீக்கர். தென்னைமரத்தில் கட்டுகிற அந்தக் குழாய், 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒன்றும் தராது, மேலே 5 கிலோஹெர்ட்ஸோடு முடிந்துவிடும். ஒற்றை வேறு. உங்கள் பாட்டு பாதி ஊருக்குப் போய்ச் சேருவது அதில்தான். மாஸ்டர் சேனலில் 300-க்குக் கீழும் 5,000-க்கு மேலும் வெட்டும் ஃபில்டர் ஒன்று போட்டு, மோனோவாக்கி, ஒரே ஒரு ஸ்பீக்கரில் மட்டும் கேட்கும்படி ஒரு பட்டன் அமைத்துக்கொள்ளுங்கள். அதை அமுக்கும்போது பாடல் வரி புரிய வேண்டும், நாயனமும் குரலும் ஒன்றையொன்று மிதிக்கக் கூடாது. பெரும்பாலும் மிதிக்கும், இரண்டும் ஒரே இடத்துக்கு அடித்துக்கொள்பவை. குரல் வரும்போது நாயனத்தில் 2, 3 கிலோஹெர்ட்ஸ் சுற்றி இரண்டு மூன்று டெசிபெல் இறக்கினாலே வரி மேலே வந்துவிடும். கிக் அதில் கேட்கவே கேட்காது, ஏற்றாதீர்கள். கிக்கின் கம்பு விழும் 'டிக்' ஒலியைக் கொஞ்சம் கூட்டினால் தாளம் மட்டும் புரியும், அது போதும்.

பழைய ஜோடி கிடைத்தால் வாங்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். வாங்கலாம். ட்வீட்டர் டோம் உள்ளே அமுங்கியிருக்கிறதா, ஊஃபரைச் சுற்றியுள்ள ரப்பர் விரிசல் விட்டிருக்கிறதா என்று பாருங்கள், நாகப்பட்டினம் பக்கம் கடலோரத்தில் இருந்த பெட்டி என்றால் பின்பக்கத் துருவையும் சேர்த்து. 40-லிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறிப்போகும் ஒலி (ஸ்வீப்) ஒன்றை ஓட்டி, கடகடப்பு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் வாங்கியவையா என்றும் விசாரியுங்கள். புதிதாக வாங்கினால் இந்திய வாரன்டி பில்லோடு வாங்குங்கள், அட்டைப்பெட்டியையும் உள்ளே இருக்கும் தெர்மாகோலையும் பரண்மேல் போட்டு வையுங்கள். சர்வீசுக்கு வெளியூர் அனுப்ப வேண்டி வந்தால் பார்சல் ஆபீஸில் அந்தப் பெட்டியைத்தான் முதலில் கேட்பார்கள்.